முறைப்பாடு செய்தால் சான்றிதழ் போய்விடுமா?

இந்தப் பிள்ளை கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். வயது 19. கொழும்பில் ஓர் அரச தொழிற்பயிற்சி நிறுவனத்தில் மின்னியல் கற்கைநெறி படிக்கிறார். போதனாசிரியர் ஒருவர் இரவு பதினொரு மணிக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். செய்முறை வகுப்பில் தேவையில்லாமல் தொடுகிறார். தொழிலிடப் பயிற்சிக்குப் போவதற்கான கடிதத்தில் தான்தான் கையெழுத்திட வேண்டும் என்பதை அடிக்கடி ஞாபகப்படுத்துகிறார். இதற்கிடையில் வகுப்பிலுள்ள தமிழ் பேசும் மாணவர் ஆறு பேருக்கும் குறிப்புகள் சிங்களத்தில் மட்டுமே கிடைக்கின்றன. அமெரிக்காவில் சமூகக் கல்லூரியில் படிக்கும் ஒன்றுவிட்ட அக்கா, “எங்கள் கல்லூரியில் இதற்கென்றே ஓர் அதிகாரி இருக்கிறார், அவரிடம் சொன்னால் போதும்” என்றாராம். இங்கே அப்படி யார் இருக்கிறார்கள், பெயர் சொல்லாமல் எழுதலாமா என்று கேட்கிறார். ஆனால் உயிரான கேள்வி கடைசி வரியில் இருக்கிறது: “சொன்னால் என்னைப் பெயிலாக்கிவிடுவாரா?” அதற்குத்தான் பதில் எழுதப் போகிறேன். மற்றவை வழியில் வரும்.

நான் சட்டத்தரணி அல்ல. வேறோர் அரச பயிற்சி நிறுவனத்தின் தாபனப் பிரிவில் 21 ஆண்டுகள் முகாமைத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தப் பிரிவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், தமிழ்ப் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட ஆரம்ப விசாரணை எதுவானாலும் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். ஆகவே ஒரு முறைப்பாட்டுக் கோப்பு எந்த மேசையில் நகரும், எந்த அலுமாரியில் படுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். நீதிமன்றத்துக்குள் நடப்பதை வாசித்தும் கேட்டும்தான் அறிந்திருக்கிறேன். அந்தப் பகுதிக்கு வரும்போது ஒரு சட்டத்தரணியிடம் கட்டாயம் போங்கள். கையில் பணமில்லை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகவே உதவுகிறார்கள்.

அக்கா சொன்னது சரிதான். அமெரிக்காவில் 1972 இல் வந்த ‘டைட்டில் நைன்’ என்ற சட்டத்தின்படி, மத்திய அரசின் நிதி பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது. அதைக் கவனிப்பதற்கென ஒருவரை நியமிக்க வேண்டும், முறையிடும் வழியைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும், முறையிட்டவரைப் பழிவாங்கக்கூடாது. இனம், பூர்வீகம் பற்றிய பாகுபாடு அங்கும் வேறொரு சட்டத்தில், 1964 ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டத்தில் வருகிறது. ஆனாலும் மாணவி போய் நிற்க வேண்டிய மேசை எது என்று அங்கே எழுதி ஒட்டியிருக்கும். நமக்கு அந்த ஒரு மேசை இல்லை. சட்டம் இருக்கிறது, அதுவும் நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டடத்தில் இருப்பதுதான் வில்லங்கம்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்கு நடப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவுக்குள் வரும். 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு, சொல்லாலும் செயலாலும் செய்யப்படும் பாலியல் தொந்தரவு அதில் குற்றம். அதிகாரத்தில் இருப்பவர் வேலைத்தலத்திலோ வேறெந்த இடத்திலோ காட்டும் விரும்பத்தகாத பாலியல் நாட்டமும் தொந்தரவே என்று அந்தப் பிரிவின் விளக்கம் சொல்கிறது. 5 ஆண்டு வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும்; நட்டஈடு கொடுக்கும்படியும் கட்டளையிடலாம். ‘வேறெந்த இடத்திலோ’ என்ற சொற்களைக் கவனியுங்கள். “அது வகுப்புக்கு வெளியே, என் சொந்தத் தொலைபேசியில் நடந்தது” என்று அவர் தப்ப முடியாது.

இரண்டாவதைப் பலர் அறிந்திருப்பதில்லை. கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு ஈடாக அவர் எதையாவது எதிர்பார்ப்பதாகச் சொன்னால், அது இலஞ்சம். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் ரீதியான சலுகையைக் கேட்பதையும் இலஞ்சத்துக்குள் வெளிப்படையாகவே கொண்டுவந்துவிட்டது. அரச நிறுவனத்தின் போதனாசிரியர் அரச சம்பளம் வாங்குபவர். ஆகவே இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கும் நீங்கள் போகலாம். தொலைபேசி இலக்கம் 1954. ஆனால் அவர் அப்படிக் கேட்டாரா, அல்லது கேட்காமலேயே உணர்த்தினாரா என்பதில்தான் வழக்கின் பலம் நிற்கும். “கடிதம் என் கையில்தான் இருக்கிறது” என்ற ஒரு வரி மட்டும் போதுமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அதற்கு முன்னும் பின்னும் வந்த செய்திகளோடு சேர்த்துத்தான் அதை எடைபோடுவார்கள். எனவே ஒரு செய்தியையும் அழிக்காதீர்கள், அவருடைய இலக்கத்தைத் தடைசெய்யவும் அவசரப்படாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறோர் இடத்தில் சேமியுங்கள். அதோடு அந்தத் தொலைபேசியையே பத்திரமாக வைத்திருங்கள், ஏனென்றால் கேட்கப்படுவது மூலப்பிரதி.

இனி, நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் தையல் கற்கைநெறிப் பிள்ளையொன்று விசாரணைக்கு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று ஆண்கள். “கையைப் பிடித்து இழுத்தார், நான் உதறிக்கொண்டு ஓடினேன்” என்று பிள்ளை சொன்னது. அதை நான் சிங்களத்தில் “கையைத் தொட்டார், இவர் விலகிக்கொண்டார்” என்று சொன்னேன். வேண்டுமென்று செய்யவில்லை. அந்த மூன்று பேருக்கு முன்னால் என் வாய்க்கு வெட்கம் வந்துவிட்டது. எழுதியவர் நான் சொன்னதை எழுதினார், பிள்ளை கையெழுத்திட்டது. முறையான விசாரணையில் பிள்ளை மறுபடியும் “இழுத்தார்” என்றதும், குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பில் வாதாடியவர் பழைய தாளைத் தூக்கிக் காட்டினார். “அன்று தொட்டார், இன்று இழுத்தாரா?” அந்தக் கேள்வியோடு முறைப்பாடு சாய்ந்துவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு எச்சரிக்கையும் இடமாற்றமும் கிடைத்தன. பிள்ளை கற்கைநெறியை முடிக்கவில்லை.

அதிலிருந்து யார் வந்து கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: நடந்ததை நீங்களே தமிழில், நடந்தபடி எழுதுங்கள். எங்கள் சனத்துக்கு இந்த விஷயங்களைச் சொல்ல மூடுசொற்கள் நிறைய உண்டு. சேட்டை விட்டார், ஒரு மாதிரிப் பார்த்தார், தப்பாக நடந்துகொண்டார், மரியாதைக் குறைவாகப் பேசினார் என்பார்கள். வீட்டில் அம்மாவுக்கு அவை விளங்கும். விசாரணைக் குழுவுக்கு விளங்காது, அல்லது விளங்காதது போல இருக்க வசதியாகிவிடும். எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த அறை, எந்தக் கையால் எங்கே தொட்டார், வாயால் சொன்ன சொல் என்ன, நீங்கள் என்ன சொன்னீர்கள், பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். திகதி சரியாக ஞாபகமில்லை என்றால் ‘போயா விடுமுறைக்கு அடுத்த நாள்’ என்று எழுதினாலும் நல்லதே. ஞாபகமில்லாததை ஊகித்து நிரப்பினால் அதுவே பிறகு உங்களைக் கடிக்கும்.

அந்தக் கடிதத்தை யாருக்கு எழுதுவது? நிறுவனத்தின் அதிபருக்கு அல்லது பணிப்பாளருக்கு எழுதி, பிரதியைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். தர மறுத்தால் சண்டை பிடிக்க வேண்டாம். நேரே தபாலகத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். வாயால் சொன்ன முறைப்பாட்டுக்கு எங்கள் அலுவலகங்களில் ஆயுள் ஒரு பின்னேரம்தான்.

இன்னொன்று: மொழிப் பிரச்சினையை இந்தக் கடிதத்தில் எழுதாதீர்கள். இரண்டும் உங்கள் மனதில் ஒரே காயமாக இருக்கலாம். ஆனால் ஒரு தாளில் இரண்டு குறைகளை வைத்தால், அலுவலகம் இலகுவானதற்குப் பதில் அனுப்பிவிட்டுக் கோப்பை மூடிவிடும். ‘தமிழ்க் குறிப்புகள் வழங்க நடவடிக்கை எடுக்கப்படுகிறது’ என்ற வரியோடு பாலியல் முறைப்பாடும் முடிந்துபோனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கடிதம் ஆறு பேரும் சேர்ந்து கையெழுத்திடும் கடிதமாக இருக்கட்டும். அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் முதலியவற்றால் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 21 ஆம் உறுப்புரை தேசிய மொழிகளில் ஒன்றில் கல்வி பெறும் உரிமையைச் சொல்கிறது, உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விதிவிலக்கோடு. மொழிக் கொள்கையை மீறுவது பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்க 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரசகரும மொழிகள் ஆணைக்குழு ராஜகிரியவில் இருக்கிறது. போதனாசிரியர் பற்றாக்குறை என்று நிறுவனம் சொல்லும், பல இடங்களில் அது உண்மையும்கூட. எனவே முழு விரிவுரையையும் தமிழில் கேட்பதைவிட, அச்சிட்ட குறிப்பு, வினாத்தாள், பாதுகாப்பு அறிவுறுத்தல் ஆகிய மூன்றையும் முதலில் கேளுங்கள். மின்னியல் வகுப்பில் பாதுகாப்பு அறிவுறுத்தல் விளங்காத மொழியில் இருக்கிறது என்றால் எந்த அதிகாரியும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

இப்போது நாட்கணக்கு. அரச நிறுவனம் உங்கள் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால், அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் மனு இட வேண்டும். “உள்ளேயே பேசித் தீர்ப்போம், கொஞ்சம் பொறு பிள்ளை” என்று அன்பாகச் சொல்லும் காலத்தில்தான் அந்த ஒரு மாதம் கரைகிறது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. தொலைபேசி இலக்கம் 1996. சட்டத்தின் ஆண்டும் அதுவே, மறக்காது. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டால் மட்டும் கடிகாரம் நின்றுவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். விசாரணை உண்மையாகவே நிலுவையில் இருந்ததைக் காட்டும்படி நீதிமன்றம் கேட்டிருக்கிறது. தனிமனிதரான ஒரு போதனாசிரியரின் நடத்தை, அரசின் ‘நிர்வாகச் செயல்’ ஆகுமா என்பதும் வாதத்துக்கு உரியது. நீங்கள் எழுதிக் கொடுத்தும் நிறுவனம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது என்றால் உங்கள் வாதம் வலுக்கும் என்பது என் எண்ணம். இதைச் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குற்றவியல் பக்கத்தில் இந்த அவசரம் இல்லை. அங்கே வழக்குத் தொடரும் காலம் பொதுவாக 20 ஆண்டுகள். ஆனாலும் பொலிஸுக்குப் போவதென்றால் நாள் கடத்தாமல் போவதே நல்லது. பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பணியகத்தைக் கேளுங்கள். 109 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். மகளிர் உதவிக்கு 1938. உங்கள் வகுப்பில் 18 வயதாகாத பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது என்றால் சிறுவர் உதவிக்கு 1929. சாதாரண தரத்தை முடித்த கையோடு வந்து சேர்கிற பிள்ளைகள் இந்த வயதில் பலர் இருக்கிறார்கள். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். என் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ் தெரிந்தவர் அன்று இல்லை என்றால் நீங்கள் எழுதிய தமிழ்க் கடிதத்தையே வாக்குமூலத்தோடு இணைக்கும்படி கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கம் எழுதிய சிறு துண்டை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பெயர் சொல்லாமல் எழுதலாமா என்று கேட்டீர்கள். எழுதலாம், பயன் குறைவு. மொட்டைக் கடிதங்களுக்கென்றே எங்கள் பிரிவில் ஒரு கோப்பு இருந்தது. அது தடித்துக்கொண்டே போனது, அவ்வளவுதான். குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்ன குற்றச்சாட்டு என்று தெரிவிக்காமல் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்க முடியாது. உங்கள் வகுப்பில் பெண்கள் இரண்டோ மூன்றோ பேர்தான் என்றால், எழுதியது யார் என்பது இரண்டாம் நாளே அவருக்குத் தெரிந்துவிடும். பெயரும் இல்லை, பாதுகாப்பும் இல்லை என்ற நிலையில் நிற்பதைவிட, பெயரோடு எழுதி ‘இரகசியமானது’ என்று உறையில் குறிப்பது மேல். முகநூலில் அவருடைய பெயரையும் படத்தையும் போடச் சொல்லி நண்பிகள் உசுப்பேற்றுவார்கள். மானநட்டத்தைக் குற்றமாகக் கருதிய பிரிவு 2002 இல் நீக்கப்பட்டுவிட்டாலும், நட்டஈடு கேட்டுக் குடியியல் வழக்குப் போட இன்றும் முடியும். விசாரணையிலும் அந்தப் பதிவை வைத்துக்கொண்டு “பழிவாங்கும் நோக்கம்” என்பார்கள்.

தனியார் நிறுவனத்தில் படிப்பவர்களும் இதை வாசிக்கக்கூடும். உங்களுக்கு அடிப்படை உரிமை மனு வழியாகப் போவது கடினம், ஏனென்றால் அது அரசின் செயலுக்கு எதிரானது. 345 ஆம் பிரிவு உங்களுக்கும் அப்படியே பொருந்தும். நிறுவனம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ததாக இருந்தால் நாரஹேன்பிட்டியிலுள்ள அந்த ஆணைக்குழுவுக்கும் பிரதி அனுப்புங்கள். பதிவு போய்விடும் என்ற பயம் தனியார் உரிமையாளர்களுக்கு நிறையவே உண்டு.

சரி, பெயிலாக்கிவிடுவாரா? அவர் முயன்று பார்க்கலாம். முயல மாட்டார் என்று சொல்லி உங்களைத் தேற்ற நான் விரும்பவில்லை. ஆனால் அவர் கையில் உண்மையில் இருப்பது என்ன என்று பிரித்துப் பாருங்கள். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கான இறுதி மதிப்பீட்டைச் செய்பவர்கள் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கள். போதனாசிரியரின் பிடி இருப்பது வரவுப் பதிவிலும், தொடர் மதிப்பீட்டுப் புள்ளிகளிலும், தொழிலிடப் பயிற்சிக் கடிதத்திலும். இந்த மூன்றையும் முறைப்பாட்டுக் கடிதத்தின் கடைசிப் பந்தியில் பெயர் சொல்லிக் கேளுங்கள்: விசாரணை முடியும்வரை என் செய்முறைகளை வேறொருவர் மதிப்பிட வேண்டும், பயிற்சிக் கடிதத்தை அதிபர் கையெழுத்திட வேண்டும், அவர் என்னோடு தொடர்புகொள்ளக் கூடாது. “நீங்கள் வேறு வகுப்புக்கு மாறிக்கொள்ளுங்களேன்” என்பார்கள். அது இரக்கம் போலத் தெரியும். இடம் மாற வேண்டியவர் அவர்தான் என்று பணிவாக எழுத்தில் சொல்லுங்கள். பொலிஸ் முறைப்பாடு இருந்தால், பாதிக்கப்பட்டவரையோ சாட்சியையோ மிரட்டுவது 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டப்படி தனிக் குற்றம்.

விசாரணை எப்போது முடியும் என்று யாராலும் உறுதி தர முடியாது. நான் பார்த்தவற்றில் பாதி, கற்கைநெறி முடிந்த பிறகே முடிந்தது. ஆரம்ப விசாரணை, பிறகு குற்றச்சாட்டுப் பத்திரம், பிறகு முறையான விசாரணை என்று, அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவையை ஒட்டிய ஒழுங்கு ஒன்று இருக்கிறது. இடையில் ஓர் அதிகாரி மாற்றலாகிப் போனால் எல்லாம் மூன்று மாதம் தூங்கும். அப்படித் தூங்கினால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள்: இந்தத் திகதியிட்ட என் முறைப்பாடு இப்போது எந்த நிலையில் இருக்கிறது? தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். போதனாசிரியரின் சொந்த விபரங்களைத் தர மறுக்கலாம், ஆனால் கேள்வி வந்துவிட்டது என்பதற்காகவே கோப்பை யாரோ ஒருவர் அலுமாரியிலிருந்து எடுக்க வேண்டிவரும். எடுத்தவர் மேலே ஒரு குறிப்பு எழுதித்தான் ஆக வேண்டும். என் மேசைக்கு அப்படி வந்த கோப்புகள் திரும்பவும் பழைய இடத்துக்குப் போனதில்லை.

ஒரு வேலையை மட்டும் கடிதம் கொடுப்பதற்கு முதல் நாளே முடித்துவிடுங்கள். இதுவரையிலான உங்கள் வரவுப் பதிவையும் தொடர் மதிப்பீட்டுப் புள்ளிகளையும் படமெடுத்து, செய்முறைப் பயிற்சிக் கொப்பியின் எல்லாப் பக்கங்களையும் பிரதி எடுத்து, வீட்டில் அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். கடிதம் உள்ளே போன பிறகு அந்தப் பதிவேடு உங்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடக்கூடும்.